ஓலையும் வன்தட்டும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டில் அவர் பாடியது நம் கைக்கு வந்ததற்கு, ஓலை செல்லரிக்கும் முன்பே புது ஓலையில் படியெடுத்தவர்களே காரணம். சாரல் ஈரத்தையும் கரையானையும் அவர்கள் அறிந்தவர்கள். இன்று 'பேக்கப்' என்கிறோமே, அதுதான் அது.

படியெடுப்பதிலும் சங்கடம் உண்டு. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பது சும்மா வந்த பழமொழி அல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., ஒரே சுவடியை நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் இருந்தது.

பிரதிகள் பல இடங்களில் இருந்ததால் அது முடிந்தது. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தால்? 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமிக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது.

என் மேஜைக் கணினியில் பென்ஷன் காகிதங்களும், கேசட்டிலிருந்து ஏற்றிய என் தாயாரின் குரலும் இருக்கின்றன. அதனால் நானும் கருவி தேடினேன். வழி இரண்டு. வேண்டிய கோப்புகளை மட்டும் அவ்வப்போது நகலெடுப்பது ஒன்று. விண்டோஸ் உட்பட வன்தட்டு முழுவதையும் அச்சு அசலாகப் படியெடுக்கும் 'குளோனிங்' இன்னொன்று. 1990களில் நியூசிலாந்தில் உருவான 'கோஸ்ட்' இதில் பேர் பெற்றது; 1998இல் சைமன்டெக் அதை வாங்கியது. இன்று தைவானில் உருவான 'குளோன்சில்லா' இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது எழுதும் தட்டில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும். எது மூலம், எது நகல் என்று இருமுறை பார்த்துவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும். மூலத்தில் வைரஸ் இருந்தால் நகலிலும் இருக்கும். ஏட்டுப் பிழை மாதிரிதான்.

நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஆண்டுக்கொரு முறை குளோன். வாரந்தோறும் கோப்பு நகல். ஒரு தட்டு வீட்டில், இன்னொன்று மகள் வீட்டில். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகல், கட்டவிழ்க்காத சுவடிக் கட்டு மாதிரி. உள்ளே ஓலை இருக்கிறதா, பொடிதான் இருக்கிறதா என்று தெரியாது.

என் வயதுக்காரர்களே, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த ஒரு வேலையைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.