பத்துக்குப் பன்னிரண்டு

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க. (விஷயமும் ஒருவகையில் டீதான்.)

துறையூர்ப் பக்கம் எங்க அம்மாச்சி ஊர்ல "கண்டியார் வீடு"ன்னு ஒண்ணு உண்டு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கம் இருக்கிற பல பேருக்கு இது புதுசா இருக்காது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம்னா ஊர் வைக்கிற பேரு அது. அவங்க கண்டிப் பக்கமே போகாம பதுளையில இருந்திருந்தாலும் நமக்கு எல்லாம் "கண்டிச்சீமை"தான்.

அந்த வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு வினோதமான பழக்கம். எண்பதுகள்ல போஸ்ட் கார்டு பதினைஞ்சு காசு. மாசத்துக்கு ஒரு கார்டு வாங்கிட்டு வந்து என்னைக் கூப்பிடுவார். "தம்பி, ஒரு கடுதாசி எழுதித் தா". யாருக்கு? அவருக்கேதான்! அவர் பேரு, கதவு எண், தெரு, ஊரு, தாலுகா எல்லாம் முழுசா எழுதணும். உள்ளே "நலம், நலமறிய ஆவல்", அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு தபால்காரர் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். தாத்தா மெதுவா எழுந்து போய் வாங்குவார். நாங்க வாண்டுகள் எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு விழுந்து விழுந்து சிரிப்போம். "கண்டியாருக்கு மண்டை கழண்டு போச்சு"ன்னு பேச்சு.

அந்தச் சிரிப்பு தப்புன்னு எனக்குப் புரியவே இருபது வருஷம் ஆச்சு. லயம்னா என்னன்னு படிச்ச பிறகுதான் புரிஞ்சது.

கதை காப்பியில ஆரம்பிக்குது. 1820கள்ல வெள்ளைக்காரன் கண்டி மலையில காப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சான். கண்டிச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது, கூலிக்கு அவன் பெரிசா வரலை. இந்தப் பக்கம் நம்ம ஊர்கள்ல பஞ்சம், கடன், சாதிக் கொடுமை. கங்காணிங்க வந்து ஆள் கட்டினாங்க. ராமநாதபுரக் கரையில தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா தம்புள்ளை, மாத்தளைன்னு நூறு மைலுக்கு மேல நடை. காலராவும் மலேரியாவும் வழியெல்லாம் ஆளைக் கொண்டு போச்சு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைவழியில வந்த சனங்களோட கோயில்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். காப்பி சீசன் பயிர். அறுவடைக்கு வருவாங்க, முடிஞ்சதும் பெரும்பாலானவங்க ஊருக்குத் திரும்பிடுவாங்க. சில மாசம் தங்கப்போற ஆளுக்குத் துரை எதுக்கு வீடு கட்டப் போறான்? நீளமா ஒரு கொட்டடி, நடுவுல தடுப்பு, அவ்வளவுதான். அதுதான் லைன். நம்ம சனங்க வாயில "லயம்" ஆச்சு. (நாட்டுக்கு நாடு நாம இசையைக் கொண்டு போயிடறோம் பாருங்க!)

1869-ல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்துச்சு. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள காப்பி ஒழிஞ்சே போச்சு. அந்த இடத்தைப் பிடிச்சது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரவுல தேயிலை போட்டு வெச்சிருந்தார். தேயிலை சீசன் பயிர் இல்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து வரும், அதைக் கிள்ள வருஷம் முழுக்க ஆள் வேணும், முக்கியமா பெண்கள் வேணும். ஆக, குடும்பம் குடும்பமா போய்த் தங்கிட்டாங்க. 1911 கணக்கெடுப்புல இந்தியத் தமிழர்னு தனியா எண்ணினப்போ சுமார் 5 லட்சத்து 31 ஆயிரம் பேர். இலங்கை மக்கள்தொகையில கிட்டத்தட்ட எட்டுக்கு ஒருத்தர்!

பயிர் மாறிச்சு, மக்கள்தொகை மாறிச்சு. லயம் மட்டும் மாறலை. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்ற சமாச்சாரமே இதுதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி. 120 சதுர அடி. அதுதான் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கின "காம்பரா". (போர்ச்சுகீசியக்காரன் விட்டுட்டுப் போன சொல்லு.) ஒரே வரிசையில பன்னிரண்டு காம்பரா. இல்லேன்னா முதுகோடு முதுகு ஒட்டி இருபத்து நாலு. இந்த ரெண்டாவது வகையில பின்சுவரே அடுத்த குடும்பத்தோட சுவர்தான், அப்புறம் காத்து எங்கேருந்து வரும்? முன்னாடி சின்னதா ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை மாதிரி தாழ்வாரம். அடுப்பு உள்ளே இல்லேன்னா இஸ்தோப்புல. மேலே தகரம். மலைக்குளிருக்கும் மழைக்கும் தகரம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. குளிக்க, தண்ணி பிடிக்க எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பீலி. ஒரு காம்பராவுல புருஷன் பெண்டாட்டி, பிள்ளைங்க, கிழவன் கிழவி. மகனுக்குக் கல்யாணம் ஆனா நடுவுல ஒரு சேலையைக் கட்டித் தடுப்பு. வாடகை கிடையாது. அதான் வினையே!

வாடகை இல்லேன்னா ரசீது இல்லை. ரசீது இல்லேன்னா குடியிருக்கோம்னு காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. காம்பரா தோட்டத்தோடது. தோட்டத்துல வேலை இருக்கிற வரைக்கும்தான் கூரை. வேலையை விட்டா வீடும் போச்சு. தோட்டக் கணக்குல ஒரு நாள் வேலைக்குப் பேரே "பேர்"தான். இன்னிக்குப் பேர் போட்டாங்களா, அரைப்பேரா என்பதுதான் பேச்சு. செக்ரோல்ல பேர் இருக்கிற வரைக்கும்தான் மனுஷன். அந்தக் காலத்துல கங்காணி கையில "துண்டு"ன்னு ஒரு சீட்டு இருக்கும். இந்தக் கூட்டத்தோட கடன் இவ்வளவு, இதைக் கட்டினா இவங்களை விட்டுடலாம்னு துரை எழுதிக் கொடுத்தது. அடுத்த துரை அந்தக் கடனைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் கூட்டிட்டுப் போவான். கடன் மட்டும் ஆள் தலையிலேயே இருக்கும். 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க.

வீடுன்னா என்னங்க? நாம விரும்பினவங்களை உள்ளே கூப்பிடலாம், அதுதானே? அதுவும் லயத்துல முடியாது. தோட்டம் தனியார் நிலம், வெளியாள் வந்தா அத்துமீறல். தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் அந்தச் சனங்க நிலையைப் பார்க்கப் போனப்போ துணி வியாபாரி வேஷத்துலதான் லயத்துக்குள்ள நுழைய முடிஞ்சது. தொழிற்சங்கம்னு வாயைத் திறந்தாலே கேட்டுக்கு வெளியே தள்ளுவாங்க. அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் அப்புறம் செஞ்சது தனிப்பதிவு போடுற அளவுக்கு இருக்கு.

நிற்க.

1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயிச்சது. தலவாக்கலையில ஜெயிச்சவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. ஓட்டுன்னு ஒண்ணு இருந்தா லயத்துக்கும் குரல் வரும்னு தெரிஞ்சு போச்சு. ஆட்சியில இருந்தவங்களுக்கும் அது தெரிஞ்சு போச்சு! 1948-ல் குடியுரிமைச் சட்டம், 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம். பிரஜாவுரிமை போச்சு, ஓட்டு போச்சு. வேணும்னா விண்ணப்பிக்கலாம்னு 1949-ல் இன்னொரு சட்டம். கல்யாணம் ஆனவங்க 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம் இங்கேயே தொடர்ந்து வசிச்சதுக்கு அத்தாட்சி காட்டணுமாம்.

இங்கதான் அந்த 120 சதுர அடி திரும்ப வருது. பத்திரம் இல்லாத, வாடகைச் சீட்டு இல்லாத, கதவு எண்ணே இல்லாத ஆள்கிட்ட "நீ இங்கே குடியிருந்ததுக்கு அத்தாட்சி எங்கே?"ன்னு கேட்டா என்னத்தைக் காட்டுவான்? எட்டு லட்சத்துக்கும் மேலானவங்களுக்காக விண்ணப்பம் போச்சு, கிடைச்சது சுமார் ஒன்றே கால் லட்சம் சொச்சம் பேருக்கு.

மிச்சப் பேரை என்ன பண்றது? 1964 அக்டோபர்ல சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கலாம்னு விட்டு, 1974-ல் ஆளுக்கு 75,000-ன்னு பிரிச்சுக்கிட்டாங்க. பாகப்பிரிவினையில ஆடு மாடு பிரிக்கிற மாதிரி. அந்தச் சனங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களான்னா... ம்ஹூம்.

1971 கணக்கெடுப்புல சுமார் 11 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்த இனம் 1981-ல் சுமார் 8 லட்சத்து 19 ஆயிரம். பத்து வருஷத்துல குழந்தை பிறக்கலையா? பிறந்தது. கப்பல் ஏத்தி அனுப்பினதும், சில பேர் "இலங்கைத் தமிழர்"னு பதிஞ்சுக்கிட்டதும்தான் இந்தக் கணக்கு. நடுவுல 1973-74-ல் பஞ்சம் வேற. அரிசி, மாவு எல்லாம் குறைஞ்சு தோட்டங்கள்ல பட்டினிச் சாவு. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்துல தோட்டங்கள் அரசு கைக்குப் போச்சு. துரை மாறினார், காம்பரா அதே காம்பரா.

அங்கே "இந்தியாக்காரன்", "கள்ளத்தோணி". இங்கே மண்டபத்துல வந்து இறங்கினா "சிலோன்காரன்". நம்ம அரசு அவங்களுக்காக 1968-ல் நீலகிரியில தேயிலைத் தோட்டத் திட்டம் ஆரம்பிச்சது, அதுதான் பின்னாடி டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு குடிவெச்சாங்க. நல்ல காரியம்தான், மறுக்கலை. ஆனா அங்கேயும் தோட்டத்துக் குடியிருப்புதான், ரிட்டயர் ஆனா காலி பண்ணணும்ங்கிற அதே பிரச்சினைதான். கடல் தாண்டி வந்தும் வேலையும் வீடும் ஒரே கயித்துல கட்டியே கிடந்துச்சு.

அங்கே தங்கினவங்க கதை? கடைசியா மிச்சமிருந்த நாடற்றவங்களுக்கும் 2003-ல் சட்டம் போட்டு பிரஜாவுரிமை கொடுத்தாங்க. சரி, இனிமே ஊராட்சி ரோடு போடும், தண்ணி விடும்னு பார்த்தா, 1987 பிரதேச சபைச் சட்டத்துல 33-வது பிரிவுன்னு ஒரு குண்டு. தோட்டத்துக்குள்ள சபைப் பணத்தைச் செலவு பண்ண முடியாது. ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனா அவரால லயத்துக்கு ஒரு ரோடு போட முடியாது! 2018-ல்தான் அதைத் திருத்தினாங்க.

2014 அக்டோபர் 29 காலையில பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தயில மலை சரிஞ்சு லயங்கள் அப்படியே மண்ணுக்குள்ள போச்சு. இடம் ஆபத்துன்னு 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. "ஏன் காலி பண்ணலை?"ன்னு அப்போ சில பேர் கேட்டாங்க. எங்கே போறது? வேலை இருக்கிற இடத்துலதான் கூரை. சொந்தமா ஒரு முழ நிலம் இருந்தாத்தானே தள்ளிப் போய்க் கட்டிக்க முடியும்.

அதுக்கப்புறம்தான் தனி வீட்டுக்கு 7 பேர்ச் நிலம்ங்கிற பேச்சு உறுதியாச்சு. 7 பேர்ச்னா சுமார் 1,905 சதுர அடி, நம்ம கணக்குல நாலேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல. இந்திய உதவியில 4,000 வீடு, 2017-ல் மோடி நோர்வூட்டுக்குப் போனப்போ இன்னும் 10,000 வீடுன்னு அறிவிப்பு. ஒவ்வொண்ணும் 550 சதுர அடி. 120 எங்கே, 550 எங்கே! ஆனா வீடு கட்டி முடிஞ்ச பல இடத்துல காணி உறுதி, அதாவது நம்ம ஊர்ப் பத்திரம், கைக்கு வர வருஷக்கணக்குல இழுத்துச்சு. லயத்துலேயே இருக்கிற குடும்பங்களும் இன்னிக்கும் ஆயிரக்கணக்குல உண்டு.

சரி, கண்டியார் தாத்தாவுக்கு வருவோம். கடைசிக் காலத்துல ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் தாத்தா உங்களுக்கே லெட்டர் போட்டுக்கிறீங்க?" அவர் கோபப்படலை.

"அங்க கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும் தம்பி. கணக்குப்பிள்ளை கூப்பிட்டாப் போய் கும்பிட்டு வாங்கணும். எங்க அப்பா, தாத்தா யாரு பேர்லயும் வாசலுக்கு ஒரு கடுதாசி வந்ததில்லை. இப்ப எனக்கு வருதுல்ல."

அந்த வீடு ரெண்டரை சென்ட். ஓட்டு வீடு. உள்ளே ஒரே அறைதான், அளந்து பார்த்தா பத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல பெரிசா இருந்திருக்காது. ஆனா பட்டா அவர் பேர்ல. கதவு எண்ணைப் பெயின்ட்ல பெரிசா அவரே எழுதி வெச்சிருந்தார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க ஊர்லயும் ஒரு கண்டியார் வீடு இருக்கலாம். அங்கே வயசானவங்க இருந்தா இந்த லீவுல போய்ப் பேசி, எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருஷம் கப்பல் ஏறினாங்கன்னு கேட்டு எழுதி வெச்சிடுங்க. நான் அந்தக் கார்டுகள்ல ஒண்ணையாவது எடுத்து வெச்சிருக்கலாம். எல்லாமே என் கையெழுத்துதான், ஒண்ணுகூட இப்போ என்கிட்ட இல்லை.