போல்ட்டின் எடையும் சுடும் வேகமும்: துணை இயந்திரத் துப்பாக்கிகளின் இயக்கவியல் குறித்த ஓர் ஆய்வு

துணை இயந்திரத் துப்பாக்கிகளைப் பற்றிய நூல்களில், போல்ட்டின் எடை கூடினால் சுடும் வேகம் குறையும், எடை குறைந்தால் வேகம் கூடும் என்னும் கூற்று ஒரு விதியைப் போலத் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இக்கூற்று தவறானதன்று, ஆனால் முழுமையானதும் அன்று. போல்ட்டின் எடையை முதன்மையாக முடிவு செய்வது பாதுகாப்பே என்பதும், சுடும் வேகம் எடை, போல்ட் ஓடும் தூரம், சுருள்வில்லின் விசை ஆகிய மூன்றும் சேர்ந்து விளைவிக்கும் பயன் என்பதும், எடையின் செல்வாக்கு முழுமையாக வெளிப்படுவது போல்ட் தன் பின்சுவரில் மோதி நிற்கும் அமைப்புகளில்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

பின்னுந்து முறையும் பாதுகாப்பும்

கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சிறு ஆயுதமே துணை இயந்திரத் துப்பாக்கி எனப்படுகிறது. முதல் உலகப் போரின் இறுதியாண்டில் ஜெர்மானியப் படை களமிறக்கிய, ஹியூகோ ஷ்மைசர் வடிவமைத்த எம்பி 18 தொடங்கி இவ்வகையின் பெரும்பாலான ஆயுதங்கள் எளிய பின்னுந்து முறையில் இயங்குகின்றன. இம்முறையில், தோட்டா அமரும் அறையின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் என்னும் கனத்த எஃகுத் துண்டு குழலோடு எவ்விதத்திலும் பூட்டப்படுவதில்லை. வெடிமருந்து எரிந்து எழும் வாயு குண்டை முன்னே தள்ளும் அதே வேளையில், தோட்டாக்கூட்டின் வழியாகப் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. பின்னே சென்ற போல்ட் வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லை அமுக்கி, அவ்வில்லின் விசையால் மீண்டும் முன்னே வந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் செலுத்துகிறது. இந்தச் சுழற்சி ஒன்றுக்கு ஆகும் நேரமே சுடும் வேகத்தை வரையறுக்கிறது.

பூட்டு எதுவும் இல்லாத நிலையில், குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை தோட்டாக்கூடு அறையைவிட்டு அதிகம் நகராமல் காப்பது போல்ட்டின் நிலைமம், அதாவது ஓய்விலிருந்து நகர மறுக்கும் இயல்பு, ஒன்றேயாகும். போல்ட் அளவுக்கு மீறி இலேசாக இருந்தால், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே கூட்டின் மெல்லிய சுவர் அறைக்கு வெளியே வந்து பிளந்துவிடும். ஆகவே எடையின் கீழ்வரம்பைத் தோட்டாவின் வலிமையே விதிக்கிறது. வடிவமைப்பாளர் சுடும் வேகத்தைக் கருதி எடையை விரும்பியவாறு குறைத்துக்கொள்ள இயலாது.

உந்தக் கணக்கு

9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடையுடையது. அது நொடிக்கு 380 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறும்போது பெறும் உந்தத்தோடு, அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவோடு, வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் தோராயமாக 3.5 கிலோகிராம்-மீட்டர்/நொடி கிடைக்கும். உந்த அழிவின்மை விதிப்படி இதே உந்தம் எதிர்த்திசையில் போல்ட்டைச் சேரும். சுடும் கணத்தில் ஓய்வில் நிற்கும் போல்ட்டின் நிறை 0.7 கிலோகிராம் என்றால் அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்திலும், 0.35 கிலோகிராம் என்றால் 10 மீட்டர் வேகத்திலும் பின்னே புறப்படும். நிறை பாதியாகும்போது வேகம் மட்டுமன்றி, போல்ட் சுமக்கும் இயக்க ஆற்றலும் 8.75 ஜூலிலிருந்து 17.5 ஜூலாக இரட்டிக்கிறது.

சுருள்வில்லின் விசை சராசரியாக 50 நியூட்டன் என்றும், போல்ட் ஓடுவதற்குத் தடையற்ற இடம் உண்டு என்றும் முதலில் கொள்ளலாம். அந்நிலையில் போல்ட்டை நிறுத்த ஆகும் நேரம் உந்தத்தை விசையால் வகுத்த ஈவாகிய 0.07 நொடியே, இக்கணக்கில் நிறைக்கு இடமே இல்லை. போவதற்கும் வருவதற்குமாக 0.14 நொடி ஆகுமாதலால், இரு போல்ட்டுகளும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 430 தோட்டா என்னும் ஒரே வேகத்தில்தான் சுடும். வேறுபடுவது ஓடும் தூரம் மட்டுமே: கனத்த போல்ட் 17.5 செ.மீ. ஓடி நிற்க, இலேசான போல்ட்டுக்கு 35 செ.மீ. தேவைப்படும். அத்தனை நீளத்தைக் கையடக்க ஆயுதம் ஒன்றினுள் அமைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

நடைமுறையில் அமையக்கூடிய 10 செ.மீ. ஓட்டத் தூரத்தை அடுத்து எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. இரு போல்ட்டுகளுமே வேகம் தணியுமுன் பின்சுவரில் மோதுகின்றன. மோதியபின் எழும் எதிர்த்துள்ளலையும் உராய்வையும் புறக்கணித்தால், கனத்த போல்ட் பின்னே செல்ல 0.024 நொடியும் திரும்பிவர 0.053 நொடியும் எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 தோட்டா வேகத்தைத் தருகிறது. இலேசான போல்ட்டோ 0.011 நொடியில் சென்று 0.037 நொடியில் திரும்பி, 1,240 தோட்டா வேகத்தை எட்டுகிறது.

இக்கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிறை பாதியானபோதும் சுடும் வேகம் இரட்டிக்கவில்லை, 60 விழுக்காடு அளவே கூடுகிறது. சுழற்சியின் பெரும்பகுதி திரும்பிவரும் பயணத்தில் கழிவதும், அப்பயணத்தின் நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே மாறுவதும் இதற்குக் காரணம். இரண்டாவது, அதே 0.7 கிலோகிராம் போல்ட்டுக்கு ஓட்டத் தூரத்தை 10 செ.மீ.இலிருந்து 17.5 செ.மீ. ஆக்கினாலே வேகம் 780இலிருந்து 430ஆக இறங்குகிறது. ஆகவே தூரத்தின் செல்வாக்கு எடையின் செல்வாக்குக்குச் சற்றும் குறைந்ததன்று. மூன்றாவது, பின்சுவரை இலேசான போல்ட் தாக்கும் ஆற்றல், கனத்த போல்ட்டினதைப்போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டது; குறி சிதறுவதற்கும் உறுப்புகள் விரைவில் தேய்வதற்கும் இம்மோதலே பெரிதும் காரணமாகிறது.

வரலாற்றுச் சான்றுகள்

எடையைக் கூட்டி வேகத்தைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று அமெரிக்கத் தாம்சன் துப்பாக்கியாகும். 1921ஆம் ஆண்டு மாதிரி நிமிடத்துக்கு 800 தோட்டா அளவில் சுட்டது. அவ்வேகம் மிகுதி எனக் கருதிய அமெரிக்கக் கடற்படைக்காக, போல்ட்டோடு சேர்ந்து ஓடும் இயக்குறுப்பு கனமாக்கப்பட்டு 1928ஆம் ஆண்டு மாதிரி உருவானது. அதன் வேகம் 600 முதல் 700 தோட்டா அளவுக்கு இறங்கியது. முதன்மையாக உடன் ஓடும் நிறையைக் கூட்டிப் பெற்ற பயன் இது.

தூரத்தின் பங்கைச் சோவியத் ஆயுதங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகின்றன. கியோர்கி ஷ்பாகினின் பிபிஎஸ்ஹெச்-41, அலெக்சி சுதாயெவின் பிபிஎஸ்-43 ஆகிய இரண்டும் ஒரே 7.62 மி.மீ. தொகாரெவ் தோட்டாவை ஒரே பின்னுந்து முறையில் சுடுபவை. எனினும் முன்னது நிமிடத்துக்கு 900 முதல் 1,000 தோட்டா வரை சுட, பின்னது 600 அளவிலேயே நிற்கிறது. குறுகிய ஓட்டத் தூரம் ஷ்பாகினின் ஆயுதத்தை விரைவாக்கியது. நீண்ட ஓட்டத் தூரம் சுதாயெவின் ஆயுதத்தை நிதானப்படுத்தியது. கனத்த போல்ட்டையும் நீண்ட ஓட்டத்தையும் ஒருசேரக் கொண்ட அமெரிக்க எம்3, 450 தோட்டா வேகத்தோடு இவ்வரிசையின் கீழ்முனையில் நிற்கிறது.

அளவைச் சுருக்கும்போது நேர்வதை இஸ்ரேலின் உசி குடும்பம் காட்டுகிறது. போல்ட்டின் முன்பகுதி குழலைச் சூழ்ந்திருக்குமாறு அமைத்ததன் வழியாக, அதன் வடிவமைப்பாளர் உசியேல் கால் குறுகிய உடலுக்குள் கனத்த போல்ட்டைப் பொருத்தி 600 தோட்டா வேகத்தைப் பெற்றார். பின்னர் வந்த மினி உசியில் எடையும் தூரமும் சேர்ந்து குறைந்தமையால் வேகம் 950 அளவுக்கு உயர்ந்தது. மேலும் சிறிய மைக்ரோ உசியில், எஃகைவிட அடர்த்தி மிக்க டங்ஸ்டன் உலோகத்தைப் போல்ட்டினுள் பதித்தும் வேகம் 1,200ஐத் தாண்டியே நின்றது. ஓடுவதற்கு இடம் இல்லாதபோது எடையால் மட்டும் ஈடுசெய்ய இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

எதிர்வாதங்கள்

சுடுவிசையை அழுத்தும்வரை போல்ட் பின்னே நிறுத்தப்பட்டிருக்கும் திறந்த போல்ட் முறை இவ்வாதத்துக்குப் பொருந்துமா என்று வினவலாம். இம்முறையில் போல்ட் முன்னோக்கி ஓடி முற்றிலும் நிற்பதற்குள் தோட்டா வெடிக்குமாறு செய்தால், வாயு முதலில் அம்முன்னோட்டத்தை நிறுத்தி அதன்பின்னரே போல்ட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் போல்ட்டைக் கணிசமாக இலேசாக்க முடிகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் பெக்கர் பீரங்கி இதே நெறியைப் பயன்படுத்தியது. ஆயினும் இங்கு மாறுவது போல்ட்டைச் சேரும் நிகர உந்தமே அன்றி மூன்று காரணிகளின் உறவு அன்று.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோர்பியன் துப்பாக்கி வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் போல்ட் இலேசானது; பின்முனையை எட்டியதும் ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடிக்குள் உள்ள சிறு எடை ஒன்று கீழே சென்று மீண்டு கொக்கியை விடுவிக்கும்வரை போல்ட் காத்திருக்கிறது. எடைக்கும் வேகத்துக்கும் இடையே தவிர்க்க முடியாத பிணைப்பு இல்லை என்பதையே இவ்வமைப்பு உறுதி செய்கிறது.

முடிவு

வேகத்தின் மிகுதி ஆயுதத்தின் சிறப்பு ஆகிவிடாது. நிமிடத்துக்கு 1,100 தோட்டா சுடும் ஆயுதம் 32 தோட்டா மேகசினை இரண்டு நொடிக்குள் காலிசெய்துவிடும். 450 தோட்டா சுடும் எம்3, தன் 30 தோட்டா மேகசினுக்கு 4 நொடி எடுத்துக்கொள்ளும். இவ்வேறுபாட்டை எடை என்னும் ஒற்றைக் காரணியால் விளக்கும் போக்கு, வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட உண்மையான சிக்கலை மறைத்துவிடுகிறது. பாதுகாப்பு எடையின் கீழ்வரம்பை விதிக்கிறது, ஆயுதத்தின் நீளம் ஓட்டத் தூரத்தை விதிக்கிறது, எஞ்சிய நேரத்தைச் சுருள்வில் தீர்மானிக்கிறது. ஆகவே ஆயுத வரலாற்றை எழுதுவோரும் அருங்காட்சியகப் பட்டியல்களைத் தொகுப்போரும் போல்ட்டின் எடையைக் குறிக்கும் இடத்தில் அதன் ஓட்டத் தூரத்தையும் சுருள்வில்லின் விசையையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். அவையின்றிச் சுடும் வேகத்துக்கான காரணத்தை மதிப்பிட இயலாது.