ஒரு மனசு, பல வேலை

பரீட்சைக்கு முந்தைய விடுதி இரவுகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காதில் பாட்டு, கையில் நோட்டு, நடுவில் அரட்டை. "ஒரே நேரத்துல நாலு வேலை பார்ப்பேன்டா" என்று மார்தட்டியவர்களில் அடியேனும் ஒருவன்.

அந்தப் பெருமை ஒரு கட்டட வேலையில் உடைந்தது. போனில் பேசிக்கொண்டே தூணின் அளவை எழுதிக் கொடுத்தேன். 450 என்பது 540 ஆகிவிட்டது. கம்பி வளைத்துக் கட்டிய பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு பேரின் இரண்டு நாள் உழைப்பு வீண். மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை; அதுதான் இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகே இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1927-ல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் எளிய சோதனை ஒன்று செய்தார். வரிசையாக எண்களைக் கொடுத்து, முதலில் எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. பிறகு ஒன்றில் கூட்டல், அடுத்ததில் கழித்தல் என்று மாறி மாறி. கணக்கு கடினமில்லை. ஆனாலும் மாற்றிச் செய்தபோது நேரம் கூடியது. 1931-ல் டெல்ஃபோர்டு என்பவர், ஓர் ஒலி கேட்டுப் பொத்தானை அழுத்திய கையோடு அடுத்த ஒலி வந்தால், அதற்குக் கை தாமதிப்பதைக் கண்டார். ஆக, யோசிக்க வேண்டிய வேலைகளை மனசு ஒவ்வொன்றாகத்தான் உள்ளே விடுகிறது.

"அப்போ நம்ம அவதானிகள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானத்தில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், இன்னொருவர் மணி அடிப்பார். அத்தனைக்கும் அவதானி பதில் சொல்ல வேண்டும்.

1961-ல் எம்.ஐ.டி.யில் கோர்பட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தச் செய்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அது ஒரு வேலையை விட்ட இடத்தைப் பத்திரமாகக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவியது. அவதானியின் திறமையும், விட்ட இடத்தை மறவாமல் திரும்புவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குப் பின்னால் பல வருடப் பயிற்சி உண்டு. நமக்கு அது கிடையாது.

தம்பி தங்கைகளே, அளவு எழுதும்போது போனைக் கீழே வையுங்கள். அப்படியும் கூப்பிட்டால், விட்ட இடத்தில் ஒரு பென்சில் கோடாவது போட்டுவிட்டு எடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.