ஏடும் பிள்ளையும் காத்த வசம்பு

வற்றாத ஆறொன்றும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கற்பாறையின் இடையே தங்கும் நன்னீரே வேளாண்மைக்கு ஆதாரம். பருத்தித்துறை வீதியில் அமைந்த நீர்வேலியின் செம்மண்ணில் வாழை செழிப்பதும் கிணற்று நீராலேயாம். எப்போதும் சேறு நிறைந்த நிலத்தை நாடும் வசம்பு இம்மண்ணுக்கு இயல்பான செடியன்று. உலர்ந்த கிழங்காகவே அது பெரும்பாலும் இங்கு அறியப்பட்டது. ஆயினும் பிள்ளை பிறந்த வீட்டிலும் ஏடு பேணிய வீட்டிலும் அதற்கு நெடுங்காலம் இடமிருந்தது.

வாள்போல் நீண்ட இலைகளும், பக்கவாட்டில் எழும் கதிர்போன்ற பூங்கொத்தும், சேற்றினுள் கணுக்கணுவாகப் படரும் மணமிக்க கிழங்கும் உடையது வசம்பு. 1753இல் லின்னேயசு இதற்கு அக்கோரசு கலாமசு எனப் பெயரிட்டார். முன்னர்ச் சேம்பின் குடும்பத்தில் வைக்கப்பட்ட இச்செடி, ஒருவித்திலைத் தாவரங்களுள் முதலிற் பிரிந்த தனிக்கிளையென இன்று கொள்ளப்படுகிறது.

தமிழ் வழக்கில் இதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்', 'பேர் சொல்லா மருந்து' என்னும் பெயர்களும் உண்டு. கிழங்கைச் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலிலோ தேனிலோ உரைத்து, வயிற்றுப் பொருமலுற்ற குழந்தையின் நாவில் தடவுவர். துண்டுகளைக் கோத்துக் கையிற் கட்டுவதும் உண்டு.

இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயரால் பிள்ளையார் கோவில் விளங்குவதும், சங்கரபண்டிதர் (1829–1870) வாழ்ந்ததும் நீர்வேலியிலேயே. இத்தகைய ஊர்களில் கல்வி ஏட்டுச்சுவடிகளாற் பேணப்பட்டது. பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேறும்வரை ஏடுகளிலேயே வாழ்ந்தன. அவ்வேடுகளைப் பூச்சி அரியாமற் காக்கத் தமிழர் சுவடிக்கட்டுகளுடன் வைத்த பொருள்களுள் வசம்பும் ஒன்று.

பூச்சியை ஒடுக்கும் அவ்வாற்றலுக்குப் பெரிதும் காரணமானது கிழங்கின் எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன். அதுவே மருந்தைப் பற்றிய ஐயத்துக்கும் காரணமாயிற்று. வசம்பெண்ணெய் ஊட்டப்பெற்ற எலிகளிற் புற்றுக்கட்டிகள் தோன்றியமையால், 1968இல் ஐக்கிய அமெரிக்கா அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. இப்பொருளின் அளவு எல்லா வசம்பிலும் ஒன்றன்று: நிறப்புரி நான்மடியான ஆசிய வகையில் மிகுதி, மும்மடியான ஐரோப்பிய வகையிற் குறைவு, இருமடியான அமெரிக்க வகையில் இல்லை.

ஆகவே வசம்பு நன்றா தீதா என்னும் பொதுவினாவுக்கு விடையில்லை. எவ்வகை, எவ்வளவு, எவ்வாறு பக்குவஞ் செய்யப்பட்டது என்பனவே வினாக்கள். உலர்ந்த கிழங்கை மட்டும் கண்டு செடியைக் காணாத வழக்கத்தில் முதல் வினா எழ வாய்ப்பேயில்லை. பண்டைய வைத்திய நூல்களைப் பதிப்பிப்போர் மூலிகையின் பெயரோடு அதன் வகையையும் ஆராய்ந்து குறித்தல் வேண்டும். முன்னோர் ஏட்டைக் காத்தனர். ஏடு கூறும் மருந்தைச் சோதித்தறிந்து பிள்ளையைக் காத்தல் இன்றையோர் கடன்.