பவளத்துக்கு ஒரு விளக்கு

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களைப் பட்டினப்பாலை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்த வரிசையில் கீழ்க்கடல் பவளமும் இருக்கிறது, காழகத்துப் பொருளும் இருக்கிறது. பவளத்துக்கு அந்தப் பாட்டு வைத்திருக்கும் சொல் துகிர். காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் நம் கெடா. பினாங்கிலிருந்து கெடாவுக்குப் போக இன்று ஒரு மணி நேரம் போதும். ஆகவே பவளமும் நம் கரையும் தமிழில் ஒரே பாட்டுக்குள் வந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் கழுத்தில் போடும் பவளம் வேறு, இன்று ஜோர்ஜ்டவுன் அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கப்படும் பவளம் வேறு. நகைக்கடைச் சிவப்புப் பவளம் ஆழத்திலும் கடற்குகை இருட்டிலும் வளர்வது. அதற்கு வெளிச்சம் தேவையில்லை. பாறை கட்டும் பவளமோ வெயிலை நம்பிப் பிழைக்கும் உயிர். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை உணவாக்கி, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டால் குடியிருப்பவரும் பட்டினி, வீட்டுக்காரரும் பட்டினி. தொட்டிப் பவளம் வளர்ப்பின் வரலாறு என்பது பெரும்பாலும் விளக்கின் வரலாறுதான்.

வீட்டில் பவளம் வளர்த்தவர்களில் முதல்வராகப் பேசப்படுபவர் லண்டனைச் சேர்ந்த அன்னா தைன் என்ற பெண்மணி. 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவளங்களைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தார். தண்ணீரில் காற்று கலப்பதற்காக, திறந்த சன்னல் ஓரத்தில் நின்று பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். நம் டீக்கடையில் தேத்தாரே இழுப்பது போலத்தான். அவர் வளர்த்தது பாசியில்லாத குளிர்நீர்ப் பவளம். அதனால் லண்டனின் மங்கிய வெளிச்சத்திலும் அது பிழைத்தது. வெப்பமண்டலப் பவளமாக இருந்திருந்தால் அந்தச் சன்னலோரம் அதைக் காப்பாற்றியிருக்காது.

பவளத்துக்குள் இருக்கும் அந்தப் பாசி எது என்பதை 1944இல் பலாவ் தீவு ஆய்வகத்தில் இருந்த ஜப்பானிய விஞ்ஞானி கவாகுட்டி அடையாளம் காட்டினார். அறிவியல் இப்படி ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, பவளத்தை வீட்டில் வாழவைக்கும் வழி நம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, மெல்லிய காற்றுக் குமிழி, வெயில். அவ்வளவுதான். வடிகட்டி இல்லை, விளக்கும் இல்லை. வெப்பமண்டலத்தில் பிறந்தவருக்கு வெயில் இலவசம்.

அந்த முறையை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்து பார்த்த பலருக்குக் கைகூடவில்லை. வெயிலுக்கு மாற்று தேடினார்கள். விளையாட்டரங்குகளிலும் கிடங்குகளிலும் தொங்கிய மெட்டல் ஹாலைட் விளக்கைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார்கள். நீலம் போதவில்லை என்று 420 நானோமீட்டர் பக்கம் ஒளி தரும் ஆக்டினிக் குழல் விளக்குகளைச் சேர்த்தார்கள். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைத் தொடர் அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கைப் பரப்பியது. பிறகு அதே விளக்குகள் கப்பலேறி நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன. வெயில் இல்லாதவர்கள் வெயிலுக்குப் பதிலாகச் செய்த பொருளை, வெயில் கொட்டும் ஊரில் நாம் காசு கொடுத்து வாங்கினோம்.

இங்கேதான் சிக்கல். நானூறு வாட் மெட்டல் ஹாலைட் ஒளியோடு சூட்டையும் கொட்டும். லண்டனில் அது வரம், பினாங்கில் சாபம். நம் மதியம் சாதாரணமாக 31, 32 டிகிரி. பவளத் தொட்டி 25, 26இல் இருக்க வேண்டும். விளக்கு சூடேற்ற, அதைக் குளிர்விக்க சில்லர், சில்லர் கக்கும் சூட்டைத் துரத்த ஏர்கோன். மாதக் கடைசியில் கரண்ட் பில் வரும்போது வீட்டில் சண்டை.

ஆழமான தொட்டி என்றால் இந்தச் சண்டை இன்னும் பெரிது. கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, தொட்டி மூணடி ஆழம். எத்தன வாட்டு போடணும்?"

"ஆழம் ஜாஸ்தின்னா வாட்டும் ஜாஸ்தி தம்பி. தண்ணி வெளிச்சத்தக் குடிச்சிரும்."

பாதிதான் சரி. தண்ணீர் வெளிச்சத்தைக் குடிக்கும், ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அல்ல. கடலில் முதல் சில மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெருமளவு போய்விடும். நீலம் ஆழத்துக்கு இறங்கும். பவளத்தின் பாசி நீலத்துக்குப் பழகியிருப்பதும் அதனால்தான். மூன்றடி என்பது ஒரு மீட்டர்கூட இல்லை. தெளிந்த நீரில் அந்தத் தூரத்தில் நீல ஒளி மிகக் கொஞ்சம்தான் குறையும். உண்மையில் வெளிச்சத்தைக் குறைப்பது தூரம். விளக்கிலிருந்து விலக விலக ஒளி விரிந்து மெலிகிறது, பாதி கண்ணாடிக்கு வெளியே சிதறுகிறது. தண்ணீர் பழுத்து மஞ்சளடித்தால் அந்த மஞ்சள் நீலத்தையும் தின்னும். கரித்தூள் போட்டால் அது தெளியும்.

அதனால் ஆழத் தொட்டிக்குக் கேட்க வேண்டிய கேள்வி வாட் அல்ல. தரையில், பவளம் உட்காரும் இடத்தில், எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான். அதை அளக்கும் கருவி இருக்கிறது. பார் மீட்டர் என்பார்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, கல்லாக வளரும் கிளைப் பவளங்களுக்கு 200க்கு மேல் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. உச்சிவெயிலில் கடல்மட்டத்தில் இந்த எண் 2,000ஐத் தொடும். அகலமாக விரிக்கும் விளக்கைவிட, குறுகிய கோண வில்லை பொருத்திய எல்இடி ஆழத்துக்கு நன்றாக இறங்கும். கிளைப் பவளத்தை மேல்பாறையிலும் மென்பவளத்தைத் தரையிலும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடலும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது.

எல்இடி என்ற சொல் வந்ததும் கதை பினாங்குக்குத் திரும்புகிறது.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த தமிழ்க் கூலிக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. அதே ஆண்டுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டமும் வந்தது. பல தமிழர்கள் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். வேலையில்லாத தீவுக்கு வேலை கொண்டுவர முதலமைச்சர் லிம் சோங் இயூ பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தைத் திறந்தார். முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்' என்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி போன்ற பெரிய பெயர்களோடு அந்தப் பட்டியலில் லிட்ரோனிக்ஸ் என்ற ஒன்றும் உண்டு. அது எல்இடி நிறுவனம். பின்னாளில் சீமென்ஸ் கைக்கும் அங்கிருந்து ஒஸ்ராம் கைக்கும் போனது.

அன்றைய எல்இடி சிவப்பு. கால்குலேட்டரிலும் கைக்கடிகாரத்திலும் மினுங்கிய எண்கள். கடல் முதலில் விழுங்கிவிடும் அதே நிறம். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலையைச் செய்தவர்கள் இளம்பெண்கள். கம்பத்து மலாய்ப் பெண்கள் அதிகம், சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் கூடவே. ஷிஃப்ட் முழுக்க நுண்நோக்கியில் கண் வைத்து உட்கார வேண்டும். இந்த வேலையால் வந்த தலைவலியையும் பார்வைக் கோளாறையும் எழுபதுகளின் இறுதியில் வெளிவந்த ஆய்வுகள் பதிவு செய்தன. முதல் சம்பளத்தில் வீட்டுக்கு டிவி வாங்கியவர்களும் அவர்கள்தான், முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டவர்களும் அவர்கள்தான். நம் இலக்கியத்தில் ரப்பர் தோட்டத்துப் பால்மரத்துக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலைகூட அந்த நுண்நோக்கிக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

நீலத்துக்கு உலகம் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருந்தது. அகாசாகி, அமானோ ஆகியோரின் உழைப்புக்குப் பின், 1993இல் நிச்சியா நிறுவனத்தில் நகமுரா பிரகாசமான நீல எல்இடியை வெளிக்கொண்டு வந்தார். மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. வெள்ளை எல்இடி விளக்கு முழுவதும் அந்த நீலத்தின் மேல் கட்டியதுதான். பவளக்காரர்களுக்கோ நீலமே போதும். 2009இல் ஒஸ்ராம் பினாங்கில் எல்இடி சில்லுத் தொழிற்சாலை திறந்தது, 2017இல் கூலிமில் இன்னொன்று. கூலிம் கெடாவில் இருக்கிறது. காழகத்துப் பொருள் இப்போது ஒளியும்தான்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. பினாங்குக்கு அருகில் நல்ல பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் கெடாக் கடலில் உள்ள பாயார் தீவுக்குப் போக வேண்டும். 2010இல் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. பாயார், தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசு சில மாதங்கள் மூடியது. வெளுப்பு என்பது பாசி வெளியேறுவது. நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரம் நீடித்தால், அதுவரை சோறு போட்ட ஒளியே பாசிக்குள் நஞ்சை உண்டாக்குகிறது. பவளம் அதைத் துப்பிவிடுகிறது. குளிர்ந்த நீரில் உணவாக இருக்கும் வெளிச்சம், சுட்ட நீரில் விஷம். தொட்டியிலும் இதே விதிதான்.

ஆகவே பினாங்கில் ஆழத் தொட்டி வைக்க நினைப்பவர் பணத்தை முதலில் சில்லருக்கு ஒதுக்க வேண்டும், விளக்குக்கு அடுத்தபடியாக. விளக்கை வாங்கிய அன்றே நூறு விழுக்காட்டில் எரியவிடாமல், கால்பங்கில் தொடங்கி வாரம் வாரமாக ஏற்ற வேண்டும். பார் மீட்டரைச் சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். பவளம் வாங்கும்போது கடலில் வெட்டியதா, தொட்டியில் வளர்த்த துண்டா என்று கேட்க வேண்டும். 2018இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தபோது, வளர்த்த துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டவர்களின் தொட்டிகள்தான் தடுமாறவில்லை. கடைக்காரர் வாட் கணக்கு சொன்னால், எத்தனை ஆழத்தில் எவ்வளவு ஒளி என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.