படையில் சேராத கலாஷ்னிகோவின் முதல் துப்பாக்கி

ஏ.கே.-47 துப்பாக்கியை வடிவமைத்த மிகைல் கலாஷ்னிகோவின் முதல் ஆயுதப் படைப்பு, ராணுவத்தால் நிராகரிக்கப்பட்ட ஒரு துணை இயந்திரத் துப்பாக்கியாகும். 1942-இல் உருவான அதன் முன்மாதிரி, போர்முனையைக் காணாமலேயே அருங்காட்சியகத்தை அடைந்தது.

மருத்துவமனையில் பிறந்த எண்ணம்

சோவியத் டாங்கிப் படையில் பணியாற்றிய கலாஷ்னிகோவ், 1941 அக்டோபரில் பிரையன்ஸ்க் போர்முனையில் படுகாயமடைந்தார். மருத்துவமனையில் இருந்தபோது, எளிதில் கையாளத்தக்க தானியங்கித் துப்பாக்கி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22-ஐ எட்டவில்லை; பொறியியல் பட்டமும் இல்லை.

பின்னர் ஓய்வு விடுப்பில், தாம் முன்பு வேலை பார்த்த கஜகஸ்தானின் மத்தாய் ரயில்வே பணிமனைக்குச் சென்று, தொழிலாளர்களின் உதவியுடன் முதல் மாதிரியைச் செய்தார். மேம்படுத்தப்பட்ட மாதிரி, அல்மா அட்டாவுக்கு இடம்பெயர்ந்திருந்த மாஸ்கோ விமானவியல் கல்வி நிறுவனத்தின் பணிமனையில் உருவானது.

7.62 மி.மீ. டோக்கரெவ் தோட்டாவைப் பயன்படுத்திய இத்துப்பாக்கியில், சுடும்போது பின்னோக்கிப் பாயும் அடைப்பானின் வேகத்தைத் திருகு அமைப்பு ஒன்று மட்டுப்படுத்தியது. அக்காலத்தின் பிற துணை இயந்திரத் துப்பாக்கிகள் பலவற்றில் அடைப்பானின் எடையே அப்பணியைச் செய்தது.

நிராகரிப்புக்குக் காரணம்

1943 பிப்ரவரியில் சோதனைகளுக்குப் பின் இத்துப்பாக்கி ஏற்கப்படவில்லை. குறைந்த எடை, சிறிய நீளம், ஒற்றைத் தோட்டாவாகவும் சுடும் வசதி ஆகியவை அதன் நிறைகளாகக் கருதப்பட்டன. எனினும், அதன் பாகங்களைச் செய்ய நேரம் பிடிக்கும் மில்லிங் வேலைகள் அதிகம் தேவைப்பட்டன. போர்க்காலத்தில் அவ்வகை இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது.

அதேவேளையில், தகட்டை அச்சில் அழுத்திச் செய்யப்பட்ட சுடாயெவின் பி.பி.எஸ். துப்பாக்கிக்கு சுமார் 2.7 மணி நேர இயந்திர வேலையே போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த ஷ்பாகினின் பி.பி.எஸ்.எச்.-41 துப்பாக்கிக்கு அது சுமார் 7.3 மணி நேரம். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகருக்குள்ளேயே பி.பி.எஸ். தயாரிக்கப்பட்டது. விரைவாகவும் மலிவாகவும் செய்ய இயலாத ஆயுதத்துக்கு அப்போது இடமில்லை.

தோல்வியின் பயன்

துப்பாக்கி ஏற்கப்படாவிடினும் அதன் வடிவமைப்பாளர் கவனிக்கப்பட்டார். சமர்க்கண்டில் அதைப் பார்வையிட்ட ஆயுத அறிவியலாளர் அனடோலி பிளகோன்ராவொவ், குறைகளைச் சுட்டிக்காட்டியதுடன், அந்த இளைஞருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைத்தார். அதன்பின் கலாஷ்னிகோவ் ஆயுத வடிவமைப்புப் பணியில் அமர்த்தப்பட்டார்.

அவர் வடிவமைத்த தானியங்கித் துப்பாக்கி 1949-இல் சோவியத் ராணுவத்தில் சேர்க்கப்பட்டது. எளிய அமைப்பே அதன் பெரும் பலமாக அறியப்பட்டது. அதன் வழிவந்த ஏ.கே.-203, தற்போது உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில், இந்திய-ரஷிய கூட்டு நிறுவனத்தால் தயாரிக்கப்படுகிறது.

கலாஷ்னிகோவ் 2013 டிசம்பர் 23-இல் காலமானார். அவரது 1942-ஆம் ஆண்டுத் துப்பாக்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பீரங்கிப் படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.