உண்மைப் பிக்சல் மதிப்பு

ஒரு படத்தின் குறிப்பிட்ட புள்ளிக்கென்று கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கும் எண்ணே அதன் உண்மைப் பிக்சல் மதிப்பு. திரையில் தெரியும் நிறமும், படத்தொகுப்பு மென்பொருளின் தகவல் பலகம் காட்டும் எண்ணும் அந்த மதிப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. 8 பிட் படத்தில் பலகத்தின் எண்ணும் கோப்பின் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 16 பிட், 32 பிட் படங்களில் அப்படி இருப்பதில்லை. எந்த அளவுகோலில், எந்தக் கட்டத்தில், எத்தனை பிக்சல்களைச் சேர்த்து எடுத்தது என்பதையும் சொன்னால்தான் அங்கே எடுத்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

பிட் ஆழம்

8 பிட் சேனலில் 0 முதல் 255 வரை 256 படிகள் உள்ளன. 16 பிட் சேனலில் 0 முதல் 65,535 வரை 65,536 படிகள். 255ஐ 257ஆல் பெருக்கினால் 65,535 கிடைக்கும். எனவே 8 பிட் மதிப்பை 16 பிட்டுக்கு மாற்ற 257ஆல் பெருக்கினால் போதும். திரும்பி வரும்போது வகுத்து முழு எண்ணாக்க வேண்டும். நுட்பம் தொலைவது இங்கேதான்.

மாலை வானத்தைப் பிடித்த 16 பிட் படத்தில் அடுத்தடுத்த இரண்டு இடங்களின் நீலச் சேனல் மதிப்பு 51,540, 51,770 என்று கொள்வோம். 0–255 அளவுகோலில் பலகம் இரண்டுக்கும் 201 என்றே காட்டும். அந்தப் பகுதியின் கான்ட்ராஸ்ட்டை எட்டு மடங்காக்கினால் 230 படி வித்தியாசம் 1,840 ஆகி, 8 பிட் கணக்கில் ஏழு படிகளாக வெளிப்படும். அதே படத்தை முதலிலேயே 8 பிட்டுக்கு இறக்கியிருந்தால் அந்த ஏழு படிகளும் ஒன்றாகியிருக்கும். வானில் பட்டை பட்டையாகத் தெரியும் குறைக்குக் காரணம் இதுவே.

மென்பொருள்களின் அளவுகோல்கள்

அடோபி ஃபோட்டோஷாப்பின் 16 பிட் முறை உள்ளே 0 முதல் 32,768 வரை எண்ணுகிறது. 32,768 இரண்டின் அடுக்கு என்பதால் வகுத்தல் கணினிக்கு எளிது. 16,384 என்ற துல்லியமான நடுப்புள்ளியும் கிடைக்கிறது. இதற்கு ஈடாக, 65,536 படிகள் கொண்ட கோப்பைத் திறக்கும்போது அண்டை மதிப்புகள் இரண்டிரண்டாக ஒன்றிவிடுகின்றன. தகவல் (இன்ஃபோ) பலகத்தின் அமைப்பில் 8 பிட், 16 பிட், 32 பிட் என்று அளவுகோலைத் தேர்ந்தெடுக்கலாம். 16 பிட்டைத் தேர்ந்தவருக்கு வெள்ளையின் மதிப்பு 32,768 என்று தெரிவது இதனால்தான்.

ஜிம்ப் 2018இல் வெளியான 2.10 பதிப்பில், கெகிள் என்ற படக்கணக்கு நூலகத்தின் துணையோடு 16, 32 பிட் படங்களைத் தொகுக்கும் திறனைப் பெற்றது. அதன் நிறமெடுப்புக் கருவியில் சதவீதம், 0–255 ஆகிய வகைகளோடு ‘பிக்சல்’ என்ற வகையும் உண்டு. படம் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே எண்ணைக் காட்டுவது அந்த வகை மட்டுமே.

திரைக்கு வரும் வழி

கோப்பிலுள்ள எண் நேராகத் திரைக்கு வருவதில்லை. படத்தின் நிற விவரக்கோப்பிலிருந்து மானிட்டரின் நிற விவரக்கோப்புக்கு மாற்றப்பட்டு, 8 அல்லது 10 பிட்டாகச் சுருக்கப்பட்டு வருகிறது. படத்தைப் பாதி அளவில் பார்த்தால் நான்கு பிக்சல்கள் கலந்து திரையில் ஒன்றாகத் தெரியும். ஆப்பிள் கணினியிலுள்ள டிஜிட்டல் கலர் மீட்டர் போன்ற கருவிகள் படிப்பது திரையின் எண்ணை. மென்பொருளுக்குள் இருக்கும் ஐடிராப்பர் என்ற நிறமெடுப்புக் கருவியோ ஆவணத்தின் எண்ணைப் படிக்கிறது. ஒரே புள்ளிக்கு இரண்டும் வெவ்வேறு விடை தந்தால் அது பழுதல்ல. அளக்கும் இடம் வேறு, அவ்வளவே.

அடுக்குகளும் இதில் சேரும். நடப்பு அடுக்கை மட்டும் படிப்பதா, எல்லா அடுக்குகளும் சேர்ந்து தரும் விடையைப் படிப்பதா என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். ஒளிபுகும் விளிம்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிவப்பு மதிப்பு 0.8, ஒளிபுகாமை 0.5 என்றால், முன்கூட்டிப் பெருக்கிச் சேமிக்கும் கோப்பில் 0.4 என்றே பதிந்திருக்கும்.

புள்ளியும் சராசரியும்

ஃபோட்டோஷாப்பின் ஐடிராப்பர் ஒற்றைப் புள்ளியையோ, 3×3, 5×5, 11×11, 31×31, 51×51, 101×101 சதுரங்களின் சராசரியையோ எடுக்கும். ஒற்றைப் புள்ளியில் இரைச்சலும் சேர்ந்தே வரும். இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பற்றதாக இருந்தால், 5×5 சதுரத்தின் 25 பிக்சல்களைச் சராசரியாக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் சதுரம் ஒரு விளிம்பைத் தொட்டுவிட்டால், படத்தில் எங்குமே இல்லாத ஒரு நிறம் விடையாக வரும்.

சராசரி எந்த நிறவெளியில் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சதுரங்கக் கட்டத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளியின் எண்களில் சராசரியாக்கினால் 127.5 வரும். ஒளியின் அளவை நேர்விகிதத்தில் குறிக்கும் வெளியில் சராசரி கண்டு, மீண்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் 188 வரும். எட்டி நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியும் சாம்பல் நிறம் இரண்டாவதே.

மிதவைப் புள்ளி எண்கள்

திரைப்பட வரைகலைக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003இல் பொதுவில் வெளியிட்ட ஓபன்இஎக்ஸ்ஆர் வடிவம் 16 பிட் மிதவைப் புள்ளி எண்களைக் கையாளும். குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 5, பின்னத்துக்கு 10 என்ற பகுப்பில் 65,504 வரை எழுதலாம். இதில் படிகளின் இடைவெளி சீரானதல்ல: 1க்கும் 2க்கும் இடையே 1,024 படிகள், 2க்கும் 4க்கும் இடையேயும் அதே 1,024தான். விளக்குச் சுடரின் மதிப்பு 14.5 ஆக இருக்கலாம். திரையில் 1க்கு மேற்பட்டதெல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிவதால், சுடரையும் வெள்ளைத் தாளையும் பிரித்தறிய எண்ணைப் படிப்பதே வழி.

கேமராவும் அறிவியல் படங்களும்

கேமராவின் ரா (பதப்படுத்தாத) கோப்பு பெரும்பாலும் 12 அல்லது 14 பிட் கொண்டது. 14 பிட்டில் 16,384 படிகள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பின்படி, உணரியின் ஒவ்வொரு கண்ணும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது; மற்ற இரண்டும் அண்டைக் கண்களிலிருந்து ஊகிக்கப்படுகின்றன. ஆகவே தொகுப்பு மென்பொருளில் ‘உண்மை’ என்று படிக்கும் மூன்று எண்களில் இரண்டு, கேமரா அளக்காதவை.

மருத்துவத்தில், சேமித்த எண்ணுக்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு நோயறிதலைத் தொடும். சிடி ஸ்கேன் படத்தில் சேமித்த எண்ணை, டைகாம் என்ற மருத்துவப் பட வடிவக் கோப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும் சரிவால் பெருக்கி வெட்டுத்துண்டைக் கூட்டினால் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு கிடைக்கும். சரிவு 1, வெட்டுத்துண்டு −1,024 என்றால் 1,064 என்ற எண்ணின் பொருள் 40. இந்த அளவில் தண்ணீர் 0, காற்று −1,000. மூளையைப் பார்க்க 0 முதல் 80 வரையான சாளரத்தை வைத்தால், 90ம் 1,000ம் திரையில் ஒரே வெள்ளைதான். கோப்பில் அவை வேறு வேறு. வானியலின் ஃபிட்ஸ் வடிவத்திலும் குறியற்ற 16 பிட் எண்கள் 32,768 குறைத்துச் சேமிக்கப்படுகின்றன. அதைக் கூட்ட மறந்த நிரலுக்கு இருண்ட வானம் எதிர்மறை எண்ணாகத் தெரியும்.

சரிபார்த்தல்

ஒரு கருவி காட்டுவது உண்மை மதிப்பா என்று அறிய எளிய சோதனை உண்டு. 257 பிக்சல் அகலத்தில் 16 பிட் சாம்பல் பட்டை ஒன்றை உருவாக்கி, இடமிருந்து வலமாக 51,529 முதல் 51,785 வரை ஒவ்வொரு எண்ணாக ஏற்ற வேண்டும். கண்ணுக்கு அது ஒரே சாம்பல். 8 பிட் அளவுகோல் பட்டை முழுவதும் 201 என்றே சொல்லும். 32,768 அளவுகோல் ஏறத்தாழ இரண்டு பிக்சலுக்கு ஒருமுறை மாறும். கோப்பை உள்ளபடி படிக்கும் கருவியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் எண் ஒன்று கூடும்.